எலுமிச்சை மரத்தடியில் புதைத்த தாள்

இந்தக் கதையில் ஒரு பெயரை ஒரே ஒரு தடவைதான் எழுதப்போகிறேன். படித்து முடித்தபின் இந்தத் தாளை நீங்கள் எங்கே போடுவீர்கள், எதை மடித்துக் கட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோட் மீரான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் உருது சொல்லிக்கொடுத்தவளுக்கு வேறென்ன மிஞ்சும்?

எங்கள் ஆசிரியர் அறையில் எழுதி ஒட்டாத விதி ஒன்று உண்டு. விடைத்தாளில் தப்பைக் கண்டதும் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்துவிடக் கூடாது. முதலில் படிக்க வேண்டும். அந்தத் தப்பான விடைக்குள் இறைவனின் பெயரோ, நபிகளின் பெயரோ, ஒரு வசனமோ இருந்தால் கோடு கிடையாது. சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு சுழி, அவ்வளவுதான். எங்கள் நாட்டில் ஆண்களில் பாதிப் பேருக்கு நபிகளின் பெயர்தான் முன்னால் ஒட்டியிருக்கும். தளபதி, கவிஞர், நாட்டை உண்டாக்கியவர், தெருமுனையில் டயர் ஒட்டுகிறவர் வரைக்கும். ஆகவே வட்டம் போட்டுப் போட்டு எங்கள் கை பழகிவிட்டது.

பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஒரு முறை எட்டாம் வகுப்பு முனீபா, ஒரு கவிதையை எழுதியவர் யாரென்று தெரியாமல், அந்தப் பெயரில் தொடங்கும் ஏதோ ஒரு பெயரை இட்டுக்கட்டி எழுதியிருந்தாள். வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"மிஸ், தெரியலைன்னா அந்தப் பேரைப் போட்டுடணும். உங்களால அடிக்க முடியாதுல்ல?" என்று கண்ணை உருட்டினாள்.

காதைத் திருகினேன். "அடிக்க முடியாதுடி. மார்க்கும் கிடைக்காது."

"பாதி மார்க்காவது போடலாம்ல மிஸ், மரியாதைக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் இன்றைக்கு நினைக்கப் பிடிப்பதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் லாகூரில் சட்டசபை கலைந்தது. பத்து நாளில் கோர்ட் அதை ஒட்டவைத்தது. மறுபடி கலைந்தது. எங்கள் ஹெட்மிஸ்ட்ரெஸ் குல்னார் மேடத்தின் அறையில் முதலமைச்சர் படம் மாட்டுகிற ஆணி ஒரே வருடத்தில் நாலு பேரைச் சுமந்து ஆட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் மேடம், "படத்தை மேசை மேலயே சாய்ச்சு வைங்க. அடுத்தவர் வர்றதுக்குள்ள எதுக்கு மெனக்கெடணும்" என்று சொல்லிவிட்டார். தேர்தல் தேதி வந்தது, தள்ளிப்போனது, மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைவது யார்? அரசுப் பள்ளி டீச்சர்கள்தான். மூடுபனியில் பகலெல்லாம் கதவு கதவாகத் தட்டுவோம். அரையாண்டுத் தேர்வுக் கட்டுகள் அலமாரியில் அப்படியே கிடக்கும்.

வரலாறு எடுத்த சாஜிதாவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தாள். ஒரே வாரம்.

சாஜிதா எங்களிடம் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பகவல்பூர்க்காரி. கணவன் விபத்தில் போய்ச் சேர்ந்தபின் மாற்றல் வாங்கி வந்து, பேக்கரிக்கு மேலே ஒரு மாடி அறையில் தனியாக இருந்தாள். அவளைப் போல் தொழுகிறவளை நான் பார்த்ததில்லை. திங்கள், வியாழன் நோன்பு. நெற்றியில் தரை பட்டுப் பட்டு ஒரு கறுப்புத் தழும்பு. "உனக்கு சொர்க்கத்துல ஏற்கனவே சீட்டு போட்டாச்சு. எனக்கு ஜன்னல் ஓரமா ஒண்ணு பிடிச்சு வை" என்று சீண்டுவேன். "வாங்க பாஜி, சேர்ந்தே போகலாம்" என்பாள். வயதில் மூத்தவள் என்பதால் பள்ளியில் எல்லோருக்கும் நான் பாஜி, அக்கா.

அந்த வருடத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நின்றவர் ஹாஜி துஃபைல். முனீபாவின் அப்பா. உரக்கடை வைத்திருந்தவர். அதற்கு முன் இரண்டு கொடி மாறித் தோற்றவர். இந்த முறை புதுக் கட்சி, புதுக் கொடி, ஒரே ஒரு முழக்கம்: நபியின் கண்ணியம் காப்போம். உரத்தின் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விற்கிறவரே அவர்தானே. பெரிய பள்ளிவாசலில் குர்ஆன் ஓதும் இளம் காரி சாஹிப் எப்போதும் அவர் பக்கத்தில் நிற்பார். அந்தக் குரலுக்கு மைக் தேவையே இல்லை. நபிகளின் பெயரைக் கேட்டால் எனக்கும் நெஞ்சு இளகும். அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர் என் ஓட்டைக் கேட்கும்போது மட்டும் இளகுவதில்லை.

ஹாஜி ஊருக்கு ஒரு நல்ல காரியமும் செய்தார், அல்லது அப்படித்தான் எல்லோரும் சொன்னோம். புனிதத் தாள் போடும் பச்சைத் தகரப் பெட்டிகள் எங்கள் ஊர் மின்கம்பங்களில் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. வசனம் அச்சடித்த காலண்டர், கல்யாணப் பத்திரிகை, கிழிந்த பாடப்புத்தகம் எல்லாம் அதில்தான் போக வேண்டும். குப்பையில் போனால் பாவம். அதையெல்லாம் மாற்றி, பூட்டு வைத்த அறுபது புதுப் பெட்டிகளை ஹாஜி மாட்டினார். ஒவ்வொன்றின் மேலும் அவர் படம் சிரித்தது.

சனிக்கிழமை மதியம். திங்களன்று தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்ல வேண்டும். எல்லோரும் போய்விட்டார்கள். நானும் சாஜிதாவும் மட்டும் ஆசிரியர் அறையில் இருந்தோம். அவளுக்கு மதிப்பெண் கூட்டித் தருகிறேன் என்று எட்டாம் வகுப்புக் கட்டை எடுத்தேன். முப்பதாவது தாளோ என்னவோ, முனீபாவுடையது. நாலாவது கேள்வி: ஷாலிமார் தோட்டத்தை அமைத்தவர் யார்? அவள் எழுதியிருந்தாள்: முகம்மது பின் காசிம்.

அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு.

கோடு நேராக, அழகாக இருந்தது. சாஜிதா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

"சாஜிதா, இங்க வா."

"என்ன பாஜி, கூட்டல்ல தப்பா?"

விரலால் காட்டினேன். முதலில் சிரித்தாள். "பாருங்களேன், காசிம் செத்து தொள்ளாயிரம் வருஷம் கழிச்சு..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். தாளை எடுத்து, அந்த எழுத்தின் மேல் உதட்டை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் பார்க்கல பாஜி. சத்தியமா பார்க்கல. தப்புன்னு மட்டும்தான் பார்த்தேன்."

"எனக்குத் தெரியும்."

"அல்லாஹ்வுக்குத் தெரியும்ல?"

"அவனுக்குத் தெரியும். ஹாஜிக்குத் தெரியணுமே!"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் நாட்டில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. சட்டம் வந்து சேர்வதற்கு முன் ஆட்கள் வந்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து ஊர்ச் செங்கல் சூளையில் கூட்டம் என்ன செய்தது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

"வெள்ளை மை தடவிடலாமா?"

"எதை மறைக்கப்போற, கோட்டையா, பேரையா? ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கு. பேரை அழிச்சேன்னு ஆயிடும்டி."

"கிழிச்சு..." என்று தொடங்கி அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எரிப்பதைப் பற்றி நான் நினைத்தேன், சொல்லவில்லை. எரித்தவர்கள் கதையும் எங்களுக்குத் தெரியும்.

"முழுங்கிடட்டுமா பாஜி?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்திலும் சிரித்தேன் என்பது வெட்கமாகத்தான் இருக்கிறது. "நோன்புல இல்லையே நீ?" என்று கேட்டேன். அவளும் ஒரு நொடி சிரித்து, உடனே அழுதாள்.

ஓடுகிற தண்ணீரில் விடலாம், அது மரியாதையான வழி. ஆனால் ஜனவரியில் கால்வாயை அடைத்துத் தூர் வாருகிறார்கள். அடியில் சேறும் நாய்களும்தான். பெட்டிகளில் சேர்ந்த தாள்களையே கால்வாயில் விட முடியாமல் பள்ளிவாசல் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். மிச்சம் இருந்தது மண். சுத்தமான துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைக்கலாம். அதில் குற்றமே இல்லை. சாஜிதாவின் மாடி அறையில் மண் ஏது?

"எங்க வீட்டு முற்றத்துல எலுமிச்சை மரம் இருக்கு. அதோட அடியில யாரும் நடக்கறதில்லை. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

ஊசியைப் பிரித்து அந்த ஒரு தாளை மட்டும் எடுத்தோம். பக்கத்துக்குப் பக்கம் பள்ளியின் வட்ட முத்திரை இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மீதிக் கட்டு தேர்தல் அலுவலகத்தில் தொலைந்துபோனதாகச் சொல்லி, எல்லோருக்கும் பழைய மதிப்பெண்ணையே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த வருடம் தேர்தல் அலுவலகத்தில் எது வேண்டுமானாலும் தொலையும், யாரும் நம்புவார்கள். சாஜிதா பையைத் துழாவி, மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தில் பச்சை நூலால் பூ வேலை. "இதுல சுத்துங்க பாஜி. ஒரு தடவைகூட பயன்படுத்தாதது."

வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முற்றத்தில் பேச்சுச் சத்தம். எலுமிச்சை மரத்தடியில் எங்கள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, என் கணவர் இஷ்தியாக்கோடு நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் சாய்த்து வைத்த கொடிக்கட்டு. கீழே சுவரொட்டிகள்.

"வாங்க பாஜி! உங்க ஓட்டு நபியோட கண்ணியத்துக்குத்தானே?" என்றான் ஒருவன்.

"எனக்கு எதுக்குக் கஷ்டம்னு நீங்களே போட்டுடுவீங்களே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பையோடு சமையலறைக்குள் போனேன்.

இஷ்தியாக் சமையலறைக்குப் பின்னாலேயே வந்தார். "தேர்தல் முடியற வரைக்கும் நம்ம முற்றம்தான் இந்த வட்டத்துக்கு ஆபீஸ். ஹாஜி சாஹிப்பே கேட்டார், மாட்டேன்னு எப்படிச் சொல்றது? முகத்தை ஏன் அப்படி வச்சிருக்க?"

"தலைவலி" என்றேன்.

இன்றைக்கு யோசித்தால் நூறு இடம் தோன்றுகிறது. பரணில் குர்ஆன் வைத்திருக்கும் துணிப்பையிலேயே போட்டிருக்கலாம், அதை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. மாவு டின்னின் அடியில் வைத்திருக்கலாம். இஷ்தியாக்கிடம் சொல்லியிருக்கலாம். முப்பது வருடம் கூட இருந்த மனிதர். ஆனால் அவர் குரலில் புதிதாக ஒரு பணிவு வந்திருந்தது, அதைக் கேட்டபின் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்துபோனார்கள். அந்தத் தாள் இன்னும் ஒரு மணி நேரம்கூட என் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்றிருந்தது. சாஜிதாவுக்காகப் பயந்தேன் என்று சொல்ல ஆசைதான். எனக்காகத்தான் பயந்தேன்.

தயிர் வாங்கி வருகிறேன் என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைக் கம்பத்தில் பச்சைப் பெட்டி. ஊர் முழுக்க இதில்தான் போடுகிறார்கள். காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் நிறைந்து கிடக்கிற இடத்தில் ஒற்றைத் தாளை யார் தேடப்போகிறார்கள்? இதற்கென்றே மாட்டிய பெட்டி, இதைவிட மரியாதையான இடம் எது? துணியோடு போட்டால் கண்ணை உறுத்தும் என்று கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். தாளை நாலாக மடித்து, முத்தமிட்டு, ஹாஜியின் சிரித்த முகத்துக்குக் கீழே இருந்த இடுக்கில் தள்ளினேன். உள்ளே விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. தயிர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, நம்பமாட்டீர்கள், நிம்மதியாக இருந்தது.

மாலைத் தொழுகை முடிந்ததும் சாஜிதா போன் செய்தாள்.

"பாஜி, ஆச்சா?"

"ஆச்சு."

"எலுமிச்சை மரத்தடியிலயா?"

"ஆமா. ரெண்டு முழம் தோண்டி."

"துணியில சுத்துனீங்களா?"

"சுத்துனேன்டி. நீ போய்ச் சாப்பிடு."

"அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் பாஜி. இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்."

மறுநாள் ஞாயிறு. மூடுபனி விலகி வெயில் வந்தது. மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தானியச் சந்தை மைதானத்தில் ஹாஜியின் பெரிய கூட்டம். எங்கள் மாடி வரைக்கும் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்டது. கால்வாய் வறண்டு கிடப்பதால் புனிதத் தாள்களுக்கென்று தன் சொந்த நிலத்தில் ஒரு அடக்கத்தலம் அமைக்கப்போவதாக ஹாஜி அறிவித்தார். அதைத் தொடங்கிவைக்க, மூட்டைகளை மேடைக்கே கொண்டுவந்திருந்தார்கள். காலையில் பெட்டிகளைத் திறந்து அள்ளிய புது மூட்டை மேலே இருந்ததாம். இது பிறகு இஷ்தியாக் சொன்னது.

"பாருங்க சகோதரர்களே, நம்ம ஊர் லட்சணத்தை! இது பிஸ்கட் டப்பா, இதுல பிஸ்மில்லாஹ்! இது மாட்டுத் தீவன விளம்பரம், இதுலயும் வசனம்!" கூட்டம் சிரித்தது, 'பாவமன்னிப்பு, பாவமன்னிப்பு' என்று முணுமுணுத்தது. நான் ஒரு சுளையை வாயில் போட்டேன். "இதோ, பள்ளிக்கூடத்துத் தாள் போலிருக்கு..."

அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு ஹாஜியின் குரல் இல்லை, காரி சாஹிப்பின் குரல்.

"இது யார் இழுத்த கோடு?"

அந்தச் சுளையை நான் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மைதானத்திலிருந்து எழுந்த இரைச்சலில் எதிர் வீட்டுப் புறாக்கள் கலைந்து பறந்தன.

பகல் ஒரு மணிக்குள் தாளின் படம் எல்லோர் போனிலும் வந்துவிட்டது. "இது உங்க பள்ளிக்கூட முத்திரைதானே?" என்று இஷ்தியாக் நீட்டினார். "அப்படித்தான் தெரியுது" என்றேன். "யார் இந்தப் பாவி?" என்றார். இரண்டு மணிக்கு மாவட்ட நிர்வாகம் போன் சிக்னலை வெட்டியது. சாஜிதாவின் அறைக்குப் பத்து நிமிட நடை. பகல் வெளிச்சம் இருந்தது, பகவல்பூருக்கு நாலு மணிக்கு ஒரு பஸ்ஸும் இருந்தது. நான் போகவில்லை. தெருவில் ஆட்கள் இருந்தார்கள், முற்றத்தில் ஆட்கள் இருந்தார்கள், போய் என்னவென்று சொல்வது? புதைத்தேன் என்றேனே, அது பொய் என்றா? இந்த ஒரு கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவள் உயிரைவிட என் பொய் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாத பனி. மேடம் பள்ளியை மூடியிருக்கலாம். ஆனால் டீச்சர்களும் பிள்ளைகளும் எல்லோரும் வந்தாக வேண்டும், வராதவர்கள் பெயர் குறிக்கப்படும் என்று விடியற்காலையிலேயே பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். சாஜிதா எனக்கு முன்பே வந்திருந்தாள். நோன்பு நாள். முகம் தெளிவாக இருந்தது. என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்:

"கேட்டீங்களா பாஜி? பாவம், வேற யாரோ ஒரு டீச்சருக்கும் நமக்கு நடந்த மாதிரியே நடந்திருக்கு. ராத்திரி அவங்களுக்காகவும் துஆ செஞ்சேன்."

"நீ போன்ல படத்தைப் பார்க்கலையா?"

"என் போன் இன்னும் பழைய பட்டன் போன்தானே பாஜி. நம்ம தாள்தான் மண்ணுக்குள்ள இருக்கே, நான் எதுக்குப் பார்க்கணும்?"

பின்வாசல் திறந்திருந்தது. ஓடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் முன்வாசல் கதவு அதிர்ந்தது.

எங்களையும் பிள்ளைகளையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். வெளியே எத்தனை பேர் என்று பனியில் தெரியவில்லை, முழக்கம் மட்டும் கேட்டது. உள்ளே ஐம்பது அறுபது பேர் வந்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் ஆறு பேர், அவர்கள் கண் வாசலிலேயே இருந்தது. ஹாஜி துஃபைல் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நான் சாஜிதாவின் பக்கம் திரும்பவில்லை. அவள் மூச்சு ஒரு தடவை தடைபட்டதைக் கேட்டேன்.

"எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கறது யாரு?" என்றார் காரி சாஹிப்.

குல்னார் மேடம் வாயைத் திறப்பதற்குள், பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, அது என் தாள்."

முனீபா முன்னால் வந்து நின்றாள். துப்பட்டா நழுவியிருந்தது.

"உள்ள போ" என்றார் ஹாஜி.

"என் எழுத்துப்பா அது. அடிக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் அந்தப் பேரை எழுதினேன். பிறகு பயந்துபோய், தப்புன்னு நானே கோடு போட்டுட்டேன். எந்த மிஸ்ஸும் போடல."

பதின்மூன்று வயது. தன் விளையாட்டுப் புத்திக்குத் தானே விலை கொடுக்க வந்துவிட்டாள். சட்டத்தைப் பிடித்திருந்த ஹாஜியின் கைகள் மெல்ல இறங்கின. தன் மகளின் கையெழுத்தை அன்றுதான் முதல் தடவையாக உற்றுப் பார்த்தாரோ என்னவோ.

"குழந்தை..." என்றார். "அது குழந்தை. தெரியாம..."

"ஹாஜி சாஹிப்," என்றார் காரி. சத்தமாகக்கூட இல்லை. "நேத்து மேடையில நீங்கதான் சொன்னீங்க. இதுக்கு வயசும் கிடையாது, மன்னிப்பும் கிடையாதுன்னு."

பின்னால் நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை, அவர்கள் முழக்கத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டு பேர் முனீபாவின் பக்கம் ஓரடி வைத்தார்கள். ஹாஜி என்னைப் பார்த்தார். இருபது வருடமாக எனக்கு சலாம் சொல்லும் மனிதர்.

"பாஜி, நீங்க மூத்தவங்க. எத்தனை தாள் திருத்தியிருப்பீங்க. இது குழந்தை போட்ட கோடா, டீச்சர் போட்ட கோடா? சொல்லுங்க பாஜி. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கறேன்."

டீச்சர் என்றால் சாஜிதா. குழந்தை என்றால் முனீபா. நான்தான் போட்டேன் என்று மூன்றாவதாக ஒரு விடையும் இருந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, பிள்ளைகளை எல்லாம் கட்டிக்கொடுத்துவிட்டேன். நான் அதைச் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை.

"குழந்தை பொய் சொல்லுது" என்றாள் சாஜிதா.

அவள் நடந்து போய் முனீபாவின் துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டாள். பிறகு ஹாஜியின் கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தாள்.

"கோடு என்னோடது. பேரைப் பார்க்காம தப்பை மட்டும் பார்த்துட்டேன். அல்லாஹ்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். இவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடம் நான் தாங்கியிருப்பேன். ஏதோ ஒரு கணக்கு புரியாத பிள்ளை பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

போலீஸ்காரர்கள் அவள் தலையில் ஒரு போர்வையைப் போட்டுப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கல் விழுந்தது. வண்டிக்கு வழி விடுங்கள், வழி விடுங்கள் என்று ஹாஜி துஃபைல் அடித்தொண்டையில் கத்தியதை நான் கேட்டேன். அவள் உயிரோடு ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்ததே அதனால்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முனீபாவை அன்றே அவள் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

ஹாஜி ஜெயித்தார். ஏழு மாதத்தில் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது, இப்போது அவர் கையில் வேறு கொடி. காரி சாஹிப் அவரைத் துரோகி என்று மேடையில் திட்டுகிறார். சாஜிதாவின் வழக்கில் நீதிபதிகள் மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறார்கள், வக்கீல்கள் தேதிக்கு வருவதில்லை. வந்த ஒருவரும் ஒரு மிரட்டல் கடிதம் கிடைத்ததும் நின்றுவிட்டார்.

மூன்றாவது வருடம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். முல்தான் ஜெயில். உறவுக்காரி என்று பொய் சொல்லித்தான் உள்ளே போக முடிந்தது. இரட்டைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பாதி ஆளாக நின்றாள். நெற்றித் தழும்பு மட்டும் பெரிதாகியிருந்தது.

"வாங்க பாஜி. ஜன்னல் ஓரத்துல உங்களுக்கு இன்னும் இடம் பிடிச்சுத்தான் வச்சிருக்கேன்" என்று சிரித்தாள். பிறகு, "முனீபா படிக்குதா?" என்றாள்.

"படிக்குது."

"ஷாலிமார் தோட்டம் ஷாஜஹான் அமைச்சதுன்னு யாராவது அவளுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னோம்."

தலையாட்டினாள். நேரம் முடிகிறது என்று காவலாளி தடியால் தட்டினாள். சாஜிதா வலைக்கு நெருக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல பாஜி. மூணு வருஷமா யோசிக்கறேன். நீங்க ரெண்டு முழம் தோண்டிப் புதைச்சீங்களே. அவங்க கைக்கு அது எப்படிப் போச்சு? தோண்டி எடுத்துட்டாங்களா?"

அவளுடைய பூ வேலைக் கைக்குட்டை அப்போதும் என் பைக்குள்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன்.

"ஆமா," என்றேன். "முற்றத்துல கட்சி ஆபீஸ் போட்டிருந்தாங்கல்ல. தோண்டி எடுத்துட்டாங்க."

அவள் முகம் பதறியது.

"அய்யோ, அப்போ அது உங்க வீட்டுலதான் இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமே! பயப்படாதீங்க பாஜி, உங்க பேரை நான் யார்கிட்டயும் சொல்லல. எத்தனை தடவை கேட்டாலும், என்ன செஞ்சாலும் சொல்ல மாட்டேன். நீங்க பத்திரமா இருங்க. வாசக் கதவை எப்பவும் பூட்டியே வைங்க."

பூட்டி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.